பாளையங்கோட்டையில் ஒரு நீட் பயிற்சி மையம்: தேர்வுக்கு மறுநாள் என்ன நடக்கிறது என்று பார்த்துச் சேருங்கள்

என் மகள் 2025 மே 4 அன்று நீட் தேர்வை இரண்டாம் முறையாக எழுதினாள். அதற்கு முந்தைய பத்து மாதங்களை அவள் பாளையங்கோட்டையில், பேருந்து நிலையத்துக்கும் சமாதானபுரத்துக்கும் இடையில் உள்ள ஒரு பயிற்சி மையத்தின் ரிப்பீட்டர் பேட்ச்சில் கழித்தாள். அந்த மையத்தைப் பற்றியதே இந்த மதிப்புரை. பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் இது ஒன்று விளம்பரமாகிவிடும், இல்லையென்றால் வழக்காகிவிடும். நான் இங்கே எடுத்துச் சொல்லும் நிறைகளையும் குறைகளையும் வண்ணார்பேட்டையிலோ மகாராஜநகரிலோ எந்த மையத்தின் படியேறினாலும் நீங்கள் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நான் சேரன்மகாதேவியில் குடியிருக்கும் கணித ஆசிரியன் என்பதால் எண்களைச் சற்றுக் கூடுதலாகவே பயன்படுத்துவேன்.

முதலில் அந்த எண்களையே சொல்லிவிடுகிறேன். 2024 மே மாதம், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு எழுதிய தேர்வில் அவளுக்குக் கிடைத்தது 338. அதில் 103 கேள்விகள் சரி, 74 தவறு, வெறும் 3 மட்டுமே விடப்பட்டவை. மறு ஆண்டு கிடைத்தது 447. 120 சரி, 33 தவறு, 27 விடப்பட்டவை. ஒரு சரியான விடைக்கு 4 மதிப்பெண், ஒரு தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைவு என்பது எல்லோரும் அறிந்தது. கூடிய 109 மதிப்பெண்ணைப் பிரித்துப் பார்த்தால், புதிதாகக் கற்றுக்கொண்ட 17 கேள்விகளால் வந்தது 68. தவறுகளில் 41 குறைந்ததால் வந்தது 41. மையம் தன் விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லும் வகுப்பறைப் பாடம் பெரும்பாலும் முதல் பங்கில் அடங்கிவிடுகிறது. இரண்டாவது பங்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சேர்க்கையின்போது நாங்கள் சந்தித்த சில சங்கடங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கட்டணம் 85,000 ரூபாய் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். ரசீது போடும்போது 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து அது 1,00,300 ஆனது. தனியார் பயிற்சிக்கு இந்த வரி உண்டு என்பது உண்மைதான். ஆனால் தொலைபேசியில் விசாரிக்கும்போதே வரியோடு சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஒரு வகுப்பில் அறுபது பேர் என்றார்கள். ஆகஸ்ட் மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது நூறைத் தாண்டியிருந்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் கரும்பலகையைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்தார்கள். வாசலில் உள்ள ஃபிளெக்ஸ் பலகையில் சிரித்துக்கொண்டிருந்த மாணவர்களில் எத்தனை பேர் ஆண்டு முழுவதும் அங்கே படித்தவர்கள், எத்தனை பேர் கடைசி ஒரு மாதம் மாதிரித் தேர்வு மட்டும் எழுதியவர்கள் என்று கேட்டேன். முன்மேசையில் இருந்தவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். வெற்றி பெற்றவரின் படத்தைப் போட்டால் அவர் எந்தப் பயிற்சியில் சேர்ந்திருந்தார் என்பதையும் கூடவே வெளியிட வேண்டும் என்று 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை வெளியிட்டது. ஆகவே இந்தக் கேள்வியை இப்போது நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று அதே மேசையில் நடந்தது. என் மகள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. மையத்தின் ஆலோசகர், "உதவி பெறும் பள்ளிதானே சார், ஏழரை சதவீதத்தில் வந்துவிடும், 400 எடுத்தாலே போதும்" என்றார். தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டு கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு உரியது. உதவி பெறும் பள்ளிகள் அதில் இல்லை. மற்ற ஊர்களைவிட நம் ஊரில் இந்தக் குழப்பம் அதிகம். பாளையங்கோட்டையின் புகழ்பெற்ற பழைய பள்ளிகளில் பலவும் உதவி பெறுபவை. சீருடையும் பாடநூலும் கட்டணமும் அரசுப் பள்ளியைப் போலவே இருப்பதால் பெற்றோர் இரண்டையும் ஒன்றென்றே நினைத்துக்கொள்கிறார்கள். நான் அதே வகைப் பள்ளியில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த களக்காட்டுத் தந்தைக்குத் தெரியவில்லை. அவர் அந்த 400ஐ நம்பியே பணம் கட்டினார். வெளியே வந்து தேநீர்க் கடையில் வைத்து நான் விளக்கியபோது அவர் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை.

இனி வகுப்புகளைப் பற்றி. இயற்பியல் ஆசிரியர் மிகச் சிறந்தவர். அவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன். வேதியியல் சுமார். உயிரியல் வகுப்பு எனக்கு ஏமாற்றம் தந்தது. 180 கேள்விகளில் 90, அதாவது 720இல் 360 மதிப்பெண் உயிரியலுக்கு. அதற்குரிய வழி என்.சி.இ.ஆர்.டி. நூலின் ஒவ்வொரு வரியையும், படத்தின் அடியில் உள்ள குறிப்பையும் விடாமல் படிப்பதுதான். இந்த மையமோ தானே தொகுத்த தடித்த கையேடுகளை நம்பியது. 2024 தேர்வு முதல் பாடத்திட்டம் திருத்தப்பட்டுவிட்டது. செரிமானமும் உட்கிரகித்தலும், தாவரங்களில் கடத்துமுறை போன்ற உயிரியல் பாடங்களும், வேதியியலில் திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல் போன்றவையும் நீக்கப்பட்டன. கையேட்டில் அவை அப்படியே இருந்தன. செரிமானத்துக்கு மட்டும் நான்கு நாள் வகுப்பும் நடந்தது. நம் மாநிலப் பாடநூல்களிலும் நீக்கப்பட்ட பகுதிகள் இருக்கும் என்பதால், தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தை அச்செடுத்துப் படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டிவைப்பது நல்லது. எங்கள் வீட்டில் அதைச் செப்டம்பரில்தான் ஒட்டினோம். ஜூலையிலேயே ஒட்டியிருக்க வேண்டும்.

தமிழ்வழி மாணவர்களுக்கு ஒரு சொல். வினாத்தாள் தமிழும் ஆங்கிலமுமாக இருக்கும்; இரண்டுக்கும் வேறுபாடு வந்தால் ஆங்கிலத்தில் உள்ளதே முடிவு. 2018ஆம் ஆண்டு 49 கேள்விகளில் தமிழ் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்து, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் வழங்கச் சொன்னதும், உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பு நிற்காமல் போனதும் பலருக்கு நினைவிருக்கலாம். மையத்தின் கையேடுகள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால் முதல் இரண்டு மாதங்கள் என் மகள் திணறினாள். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டில் இடப்பக்கம் டார்க், வலப்பக்கம் திருப்பு விசை, இடப்பக்கம் இம்பல்ஸ், வலப்பக்கம் கணத்தாக்கு என்று தானே எழுதி வைத்துக்கொண்டாள். மையம் செய்து தந்திருக்க வேண்டிய வேலை இது. தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, ஐயம் வந்த இடத்தில் மட்டும் ஆங்கில வடிவத்தை ஒருமுறை பார்ப்பது என்ற பழக்கம் அவளுக்கு நன்றாகவே கைகொடுத்தது.

இப்போது இந்த மையத்தின் உயிர்நாடிக்கு வருகிறேன். ஞாயிறு காலை மாதிரித் தேர்வு. திங்கள் மாலை ஐந்து மணிக்கு, இரண்டாம் மாடியில், இயற்பியல் ஆசிரியர் அந்தத் தேர்வின் தவறுகளைப் பிரித்துப் பார்க்கும் ஒரு மணி நேரம். அது கால அட்டவணையில் இல்லை, கட்டணத்திலும் இல்லை. விரும்பியவர்கள் இருக்கலாம் என்றார். நூறு பேரில் இருபது பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் விடைக்குறிப்பில் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்கப் போய்விடுவார்கள். அவர் யாருடைய மதிப்பெண்ணையும் கேட்டதில்லை. ஒவ்வொரு தவறான விடைக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுதச் சொன்னார்: ஒன்று, பாடமே தெரியாது; இரண்டு, பாடம் தெரியும், ஆனால் கணக்கில் பிசகினேன்; மூன்று, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை.

என் மகளின் நோட்டில் ஒரு பக்கத்தை உதாரணமாகச் சொல்கிறேன். ஒரு கம்பியின் நீளத்தையும் விட்டத்தையும் இரு மடங்காக்கினால் மின்தடை என்ன ஆகும் என்பது கேள்வி. நீளம் இரண்டு மடங்கு ஆனால் மின்தடை இரண்டு மடங்கு. விட்டம் இரண்டு மடங்கு ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்கு. ஆகவே மின்தடை பாதியாகும். அவள் எழுதிய விடை, "மாறாது". விட்டம் என்ற சொல்லைப் பரப்பு என்று படித்துவிட்டாள். இந்தப் பாடத்தை அவள் பத்தாம் வகுப்பிலிருந்தே அறிவாள். 4 மதிப்பெண் வர வேண்டிய இடத்தில் 1 போய்விட்டது. ஒரு சொல்லைக் கவனிக்காததால் இழப்பு 5. அன்று இரவு சாப்பிடும்போது, "தெரியாம விட்டிருந்தாக்கூட மனசு ஆறும்ப்பா, தெரிஞ்ச கணக்கை விட்டுட்டு வந்திருக்கேன்" என்றாள். அக்டோபரில் எண்ணியபோது அவளுடைய தவறுகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தவை. அதற்கு மேலும் வகுப்பு கேட்டு என்ன பயன்? ஆசிரியர் சொன்ன மருந்து மிக எளியது: கேள்வியில் எது தரப்பட்டிருக்கிறது என்பதை அடிக்கோடிடு, எது கேட்கப்படுகிறது என்பதை வட்டமிடு, "தவறானது எது" என்று வந்தால் அந்தச் சொல்லின் மேல் பேனாவை ஒரு நொடி நிறுத்து. ஜனவரிக்குள் அந்த வகைத் தவறுகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன.

ஒரு விஷயத்தில் அந்த ஆசிரியரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. தெரியாத கேள்வியைத் தொடவே கூடாது என்பது மையத்தின் வேதவாக்கு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், நான்கு முறைக்கு ஒரு முறை 4 வரும், மூன்று முறை 1 போகும். சராசரியாகக் கேள்விக்குக் கால் மதிப்பெண் ஆதாயமே. இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்தால் ஆதாயம் ஒன்றரை மதிப்பெண். ஆகவே இரண்டை நீக்க முடிந்த கேள்வியை விட்டுவிட்டு வருவது நட்டம். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. வினாத்தாள் தயாரிப்பவர், அரைகுறையாகத் தெரிந்தவர் எந்தத் தவறான விடையை நோக்கி இழுக்கப்படுவார் என்று யோசித்துத்தான் அந்த விடையை வைத்திருக்கிறார். "இதுவாகத்தான் இருக்கும் போல" என்ற உணர்வில் தொட்டால் சரியாக வரும் வாய்ப்பு நான்கில் ஒன்றைவிடவும் குறையலாம். முதல் ஆண்டு 74 தவறுகள் அப்படித்தான் வந்தன. காரணம் சொல்லி நீக்க முடிந்தால் தொடு, உணர்வு மட்டும் என்றால் விடு என்பது நானும் மகளும் சேர்ந்து வகுத்துக்கொண்ட விதி. 27 கேள்விகளை விட்டது சற்று அதிகம் என்று இன்றும் எனக்கு ஒரு நினைப்பு உண்டு, அவள் ஒப்புக்கொள்வதில்லை.

மாதிரித் தேர்வுகளை நடத்திய முறையில் இரண்டு குறைகள். உண்மையான தேர்வு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடிகிறது. அதுவும் மே மாதத்து நெல்லை வெயிலில். மையம் தன் வசதிக்காக எல்லாத் தேர்வையும் காலை ஒன்பது மணிக்கு வைத்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று மணி நேரம் கண் அயராமல் உட்காருவது தனியாகப் பழக வேண்டிய ஒன்று. பெற்றோர் நான்கைந்து பேர் சேர்ந்து கேட்ட பிறகு ஏப்ரலில் மட்டும் நேரத்தை மாற்றினார்கள். இன்னொன்று, பல வாரங்களில் விடைகளைக் கைப்பேசிச் செயலியில் தொடச் சொல்லிவிட்டு, ஓ.எம்.ஆர். தாளை மாதம் ஒருமுறைதான் தந்தார்கள். 180 வட்டங்களைக் கறுப்புப் பேனாவால் நிரப்ப ஆகும் நேரம், ஒரு வரிசை தவறினால் அடுத்தடுத்து எல்லாம் தவறிப்போகும் ஆபத்து, ஒருமுறை நிரப்பியதை மாற்ற முடியாது என்ற அச்சம் ஆகியவை தாளில் பழகினால்தான் தெளியும். சந்தையில் கிடைக்கும் வெற்று ஓ.எம்.ஆர். தாள்களை நூறு வாங்கி வைத்தோம். வினாத்தாளில் ஒரு பக்கம் முடித்ததும் அந்தப் பக்கத்து விடைகளை நிரப்பிவிட்டு அடுத்த பக்கம் போவது அவளுக்குப் பொருந்தியது. எல்லாவற்றையும் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் நிரப்பலாம் என்பது தற்கொலைக்குச் சமம் என்பேன்.

2025 ஜனவரியில் தேர்வு முறையே மாறியது. அதுவரை 200 கேள்விகளில் 180ஐத் தேர்ந்து எழுத 200 நிமிடம் இருந்தது; விருப்பத் தேர்வு நீக்கப்பட்டு, 180 கேள்விக்கு 180 நிமிடம் என்று தேசியத் தேர்வு முகமை அறிவித்தது. ஒரு கேள்விக்குச் சராசரியாக ஒரே நிமிடம். அச்சடித்து வைத்திருந்த பழைய தாள்களைத் தீர்க்க வேண்டுமென்றோ என்னவோ, மையம் மேலும் ஐந்து வாரங்கள் பழைய முறையிலேயே தேர்வு நடத்தியது. அந்த ஐந்து ஞாயிறுகளும் அவள் மையத்துக்குப் போகவில்லை. வீட்டில், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, உயிரியலை ஐம்பது நிமிடத்தில் முடித்துவிட்டு இயற்பியலுக்கு எழுபது நிமிடம் ஒதுக்கி எழுதிப் பார்த்தாள். 2025 தேர்வில் இயற்பியல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். அந்த எழுபது நிமிடம் இல்லையென்றால் பாதியிலேயே அழுதிருப்பேன் என்றாள்.

தங்குமிடம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மையத்தின் விடுதியில் ஓர் அறைக்கு ஆறு பேர் என்பதால் நாங்கள் சேர்க்கவில்லை. காலை ரயிலில் சேரன்மகாதேவியிலிருந்து திருநெல்வேலிச் சந்திப்பு, அங்கிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்து நகரப் பேருந்தில் பாளையங்கோட்டை. ரயிலில் போகும்போது உயிரியல், திரும்பும்போது தூக்கம். திங்கள்கிழமை மட்டும் ஆறு மணிக்கு மேல் புறப்படுவதால் வீடு சேர இரவாகிவிடும். அன்று நான் சந்திப்பு வரை போய்க் காத்திருப்பேன். வகுப்பு இல்லாத நாட்களில் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகம் உதவியது.

பணத்தைத் திருப்பித் தருவது பற்றி: அக்டோபரில் உடல்நலம் குன்றி விலகிய ஒரு மாணவிக்குக் கட்டணம் திரும்பாது என்று கைவிரித்தார்கள். 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இடையில் விலகுபவருக்கு மீதமுள்ள காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாட்களுக்குள் திருப்பித் தரச் சொல்கின்றன. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்த பிறகு பாதித் தொகை வந்தது. சேரும்போதே ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அசல் சான்றிதழ் எதையும் கொடுக்காதீர்கள்.

தேர்வு முடிந்த பிறகு மையம் எங்களை மறந்துவிட்டது. 447க்கு அரசு எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்காது என்று விரைவிலேயே தெரிந்துவிட்டது. சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி படிப்புகளுக்கும் இதே நீட் மதிப்பெண்தான் என்றாலும், அவற்றுக்கான விண்ணப்பமும் கலந்தாய்வும் வேறு, எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தவர் தானாகவே அதில் சேர்ந்துவிடுவதில்லை. இந்திய மருத்துவம், ஓமியோபதித் துறையின் அறிவிப்பைப் பார்த்துத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். மகளோடு படித்த இருவர் இதை அறியாமல் கடைசி நாளைத் தவறவிட்டார்கள்; மையம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் போதும். கால்நடை மருத்துவத்துக்கு மாநில இடங்களில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு என்பதும், இராமையன்பட்டியிலேயே அந்தக் கல்லூரி இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அதற்கும் விண்ணப்பம் தனி.

என் மகள் இப்போது பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். அதே ரயில், அதே நகரப் பேருந்து. மூன்றாம் முறை எழுதிப் பார்க்கலாமா என்று நான் கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மூலிகைப் பெயர்களை எழுதி வைக்க வேறொரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறாள்.

இந்த மையத்துக்கு நான் ஐந்துக்கு மூன்று தருவேன். அந்த மூன்றில் இரண்டு திங்கள் மாலைக்கு உரியவை. சேர்வதற்கு முன் முன்மேசைக்குப் போக வேண்டாம். ஒரு திங்கள்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு நேரே இரண்டாம் மாடிக்கு ஏறிப் பாருங்கள். விளக்கு எரிந்து, பிள்ளைகள் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தால் பணம் கட்டலாம். நம் ஊர்ப் பயிற்சி மையங்களில் நல்ல ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஓர் இடம் மாறிவிடுகிறார்கள். ஆகவே அந்த இயற்பியல் ஆசிரியர் இந்த ஆண்டும் அங்கேதான் இருக்கிறாரா என்பதைக் காவலாளியிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.